குந்தி எழுவதிலிருந்து தொடங்குங்கள்: உடற்பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பாலக்கோடு தக்காளி மண்டியில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பல வருடம் சுமை தூக்கிப் பழகியவர் அவசரப்பட மாட்டார். நிறைந்த கிரேட்டை ஒட்டிப் போய் நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கிரேட்டை வயிற்றோடு அணைத்த பிறகுதான் நிமிர்வார். பக்கவாட்டில் திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புவார். நேற்று வேலைக்கு வந்த பையன் நின்ற இடத்திலிருந்தே குனிந்து, கையை நீட்டி, முறுக்கிக்கொண்டே தூக்குவான்.

நானும் அந்தப் பையனைப் போலத்தான் தூக்கினேன். முப்பத்திரண்டு வயதில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த அரிசி மூட்டையை ஆட்டோவிலிருந்து இறக்கித் திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை. இத்தனைக்கும் அதற்கு முன்பு ஒரு வருடம் ஜிம்முக்குப் போயிருந்தேன். நெஞ்சுக்கும் புஜத்துக்கும் நன்றாகவே எடை தூக்கியிருந்தேன். ஆனால் சரியாகக் குனிவது, குந்தி எழுவது, ஒற்றைக் காலில் உறுதியாக நிற்பது, எடையைச் சுமந்துகொண்டு நடப்பது இதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஃபங்ஷனல் ட்ரெய்னிங், மொபிலிட்டி என்று இன்று பேசப்படுவது இவற்றைத்தான். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு மூட்டு எவ்வளவு தூரம் மடங்க வேண்டுமோ அவ்வளவு தூரம் மடங்க வேண்டும்; மடங்கிய அந்த நிலையிலும் உடம்புக்கு வலு இருக்க வேண்டும். வளைவு இருந்து வலு இல்லாவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் வரும். வலு இருந்து வளைவு இல்லாவிட்டால், முழங்காலோ இடுப்போ செய்ய வேண்டிய வேலையை முதுகு இழுத்துப் போட்டுச் செய்யும். ஒருநாள் அது விட்டுவிடும்.

காட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது எதற்கு?

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர் இருக்கிறார். இன்றும் கடலைக்காட்டில் களை எடுக்கிறார். "நான் நாள் முழுக்கக் குந்தித்தானே வேலை செய்யறேன், எனக்கு எதுக்குப்பா பயிற்சி?" என்று கேட்டார். குந்துவதில் அவரோடு போட்டி போட இளவட்டங்களால் முடியாது, உண்மைதான். "சரி பெரியம்மா, அந்தப் பரண் மேல இருக்கிற டப்பாவை எடுங்க" என்றேன். கை காதுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. முதுகை வளைத்து, குதிகாலை உயர்த்தி எட்டப் பார்த்தார். ஐம்பது வருடம் முன்பக்கமாகவே குனிந்த தோள், மேலே போவதை மறந்துவிட்டிருந்தது.

வேலை உடம்பைப் பழக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பக்கமாக, ஒரே அசைவாகப் பழக்கும். பயிற்சி என்பது அந்த வேலை தொடாமல் விட்ட பக்கத்தைத் தேடிப் போவது. ஓசூர் கம்பெனி பஸ்ஸில் போகவர உட்கார்ந்து, ஷிஃப்ட் முழுக்க நின்றோ உட்கார்ந்தோ இருக்கும் பையனுக்கு விட்டுப்போனது குந்துவது. பெரியம்மாவுக்கு விட்டுப்போனது மேலே எட்டுவது. அதனால்தான், யாரோ செய்கிற பட்டியலை அப்படியே எடுத்துச் செய்வதற்கு முன்னால் உங்கள் உடம்பில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

முதல் நாள்: எடை வேண்டாம், சோதனை மட்டும்

வெறும் காலோடு, சுவருக்குப் பக்கத்தில், வழுக்காத தரையில் செய்யுங்கள். ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நின்ற இடத்திலிருந்து தரையில் உட்கார்ந்து எழுங்கள். கையையோ முழங்காலையோ எத்தனை முறை ஊன்றினீர்கள் என்று எண்ணுங்கள். பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவின் குழு இந்தச் சின்ன அசைவையே பத்து மதிப்பெண் சோதனையாக வைத்து நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் பல வருடம் பின்தொடர்ந்தது. ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் போகும், தள்ளாடினால் அரை. தரையில் இலை போட்டுச் சாப்பிட்டுக் கை ஊன்றாமல் எழுந்த தலைமுறைக்கு இது ஒரு சோதனையாகவே தோன்றியிருக்காது. நாற்காலி, சோபா, வெஸ்டர்ன் டாய்லெட் என்று மாறிய பிறகு நமக்குத்தான் சோதனையாகிவிட்டது.

இரண்டாவது கணுக்கால். சுவரைப் பார்த்து நின்று, கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே ஐந்து விரல் அகலம், ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், இடம் விடுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? இரண்டு காலிலும் பாருங்கள். பழைய சுளுக்கு இருந்த கால் பெரும்பாலும் தோற்கும்.

மூன்றாவது, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. வயதானவர்கள் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். நான்காவது, சுவரில் முதுகு, பின்தலை, புட்டம் மூன்றும் ஒட்டி நின்று, முதுகு சுவரை விட்டு வளையாமல் இரு கையையும் மேலே தூக்கிச் சுவரைத் தொடுவது.

எதில் தோற்கிறீர்களோ அதுதான் உங்களுக்கு முதல் பாடம்.

இங்கே நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டு விழும். அளவு மிக அதிகமாகி, வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பிலும் படிந்து கழுத்து, முதுகு, மூட்டு எல்லாம் இறுகும். 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் இந்தப் பாதிப்பு) என்ற சொல் இருப்பது இதனால்தான். ஆகவே பல்லில் திட்டும், கழுத்தைத் திருப்ப முடியாத இறுக்கமும், காலையில் நெடுநேரம் விடாத மூட்டுப் பிடிப்பும் சேர்ந்து இருந்தால் அதைப் 'பயிற்சி இல்லாத உடம்பு' என்று நீங்களே முடிவு கட்டி இழுத்து வளைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த மாதிரி இறுக்கத்தை வலுக்கட்டாயமாக நீட்டினால் தீங்குதான்.

குந்துதல்

எங்கள் பக்கம் 'உட்காரு' என்பதற்கே 'குந்து' என்றுதான் சொல்வோம். பயிற்சியிலும் அதுவே முதலாவது. பஸ்கி, தோப்புக்கரணம், ஸ்குவாட் எல்லாம் இதன் உறவுதான்.

முழுதாகக் குந்த முடியாதவர்கள் திண்ணையிலிருந்து தொடங்குங்கள். திண்ணைக்கு முதுகைக் காட்டி, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நில்லுங்கள். மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது. திண்ணையைத் தொட்டதும் முன்னால் ஆடி வேகம் எடுக்காமல், பாதத்தைத் தரையில் அழுத்தி எழுங்கள். எட்டு முறை. இது லேசாகிவிட்டால் உயரம் குறைந்த முக்காலி, பிறகு ஒரு செங்கல் உயரம், பிறகு ஒன்றும் இல்லாமல்.

பாதத்தைக் கவனியுங்கள். பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றும் தரையில் பதிந்திருக்க வேண்டும். முழங்கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். ஒன்றையொன்று பார்த்து உள்ளே சரியக்கூடாது. முழங்கால் விரல் நுனியைத் தாண்டினால் கெடுதல் என்று பலர் பயமுறுத்துவார்கள். வலி இல்லாத முழங்காலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முழுதாகக் குந்தும் யாருக்கும் முழங்கால் விரலைத் தாண்டித்தான் போகும்.

குதிகால் எழும்புகிறதா? கணுக்கால் சோதனையில் தோற்றவர்களுக்கு எழும்பும். குதிகாலுக்கு அடியில் ஒரு மெல்லிய பலகையை வைத்துக்கொண்டு குந்துங்கள். கூடவே அந்தச் சுவர்ச் சோதனையையே தினமும் காலுக்குப் பதினைந்து முறை பயிற்சியாகச் செய்யுங்கள். வாரம் போகப் போகப் பலகையின் தேவை குறையும். அப்புறம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை கீழே போய் அரை நிமிடம் அப்படியே இருந்து மூச்சு விடுவதும் மிக நல்லது. பல் துலக்கும் நேரத்தில் இதைச் செய்து பழகியவர்கள் உண்டு.

எட்டு முறை மூன்று சுற்று சிரமமில்லாமல் வருகிறதென்றால் 5 லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்துங்கள். 5 கிலோ. முன்னால் எடை இருப்பதால் உடம்பு நேராக இறங்குவதையும் நீங்களே உணர்வீர்கள்.

குனிதல்

குந்துவதும் குனிவதும் வேறு வேறு. குந்தும்போது முழங்கால் அதிகம் மடங்குகிறது. குனியும்போது இடுப்பு மடங்க வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு இடுப்பு மடங்குவதில்லை. நடு முதுகு கூன் போடுகிறது. என் இடுப்பு பிடித்துக்கொண்டதும் இதனால்தான்.

கற்றுக்கொள்ள ஒரு விளக்குமாற்றுக் கட்டை போதும். அதை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள்: பின்தலை, மேல்முதுகு, புட்டத்துக்கு மேலே உள்ள எலும்பு என்று மூன்று இடத்தில் தொட வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, கை நிறையச் சாமான் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவை மூடுவோமே, அப்படிப் புட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். கட்டை மூன்று இடத்திலும் ஒட்டியே இருக்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரியும். அந்த இழுப்பு வந்த இடத்தில் நிறுத்தி, புட்டத்தை இறுக்கி நிமிருங்கள். தொட்டுவிட்டால் இன்னும் நான்கு விரல் தள்ளி நில்லுங்கள்.

இரண்டு வாரம் கட்டையோடு மட்டும் செய்யுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். பிறகு பாதி நிரப்பிய 20 லிட்டர் தண்ணீர் கேனை இரண்டு காலுக்கும் நடுவே வைத்துத் தூக்குங்கள். கேன் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். கை நீளும் ஒவ்வொரு சாணுக்கும் முதுகு சுமக்கும் பாரம் ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கவே கூடாது.

சுமந்து நடத்தல்

எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கருவி வேண்டாம், கற்றுக்கொள்ள நாள் பிடிக்காது, பலனோ தலை முதல் கால் வரை. இரண்டு கையிலும் 5 லிட்டர் கேன். தோளைக் காதுப் பக்கம் தூக்காமல், நிமிர்ந்து, சின்னச் சின்ன அடியாக இருபது மீட்டர் போய் வாருங்கள். அடுத்த வாரம் ஒரு கையில் மட்டும். எடை இல்லாத பக்கம் சாயாமல் நடப்பதுதான் சவால். விலாவும் அடிவயிறும் இறுகி உடம்பை நேராகப் பிடிப்பது தெரியும். இடுப்பில் குடம் வைத்து நடந்தவர்களுக்கு இந்த வலு இருந்தது. ஒரே இடுப்பில் வைத்துப் பழகியதால் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. நீங்கள் இரண்டு பக்கமும் மாற்றி நடங்கள்.

மற்றவை

தள்ளுவதற்குத் தண்டால். தரையில் வராவிட்டால் சுவரில், அடுத்துத் திண்ணையில், பிறகு தரையில். உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை பலகை மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இழுப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தண்டால் மட்டுமே எடுத்துத் தோள் முன்னால் கூனிய பையன்களை நிறையப் பார்க்கிறேன். பள்ளி மைதானத்துக் கம்பியோ உறுதியான மரக்கிளையோ இருந்தால் முதலில் வெறுமனே தொங்குங்கள், பத்து விநாடி, இருபது விநாடி. கால் தரையில் பட்டுக்கொண்டு பாதி எடையோடு தொங்கினாலும் சரி. தோள் மேலே போகாத பெரியம்மாவுக்கும் இதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்: கதவு நிலையின் மேல்சட்டத்தைத் தொட முயன்று, பத்து மூச்சு நின்று, விடுவது. காலை, மாலை.

ஒற்றைக் காலுக்கு மாடிப்படி. ஒரு படி ஏறி, ஏறிய அதே காலில் எடையைத் தாங்கியபடி மற்றக் காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையோ தீர்த்தமலையோ ஏறியவர்களுக்குத் தெரியும்: ஏறும்போது மூச்சுதான் வாங்கும், மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. அந்த வேலை அதற்குக் கடினம். படியில் மூன்று எண்ணி இறங்கிப் பழகியவர்களுக்கு மலை இறங்குவது தொல்லையாக இருக்காது.

வாரக் கணக்கு

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி முதல் முக்கால் மணி நேரம். பெரியவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று நாள் வைத்துக்கொண்டால் ஒரு நாள் தவறினாலும் கணக்கு கெடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள்: வேகநடை, கை சுழற்றல், காலை முன்னும் பின்னும் வீசுதல், கணுக்கால் சுவர்ப் பயிற்சி. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச்சை ஓட்டத்துக்கோ தாண்டுவதற்கோ முன்னால் செய்யாதீர்கள். தசையின் வேகம் சற்றுக் குறையும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பயிற்சியும் எட்டு முறை, இரண்டு சுற்று. இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம் என்ற தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று சுற்று. ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: எடையைக் கூட்டினால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

புதிதாகத் தொடங்கினால் இரண்டாம் நாள் தசை வலிக்கும், மூன்று நாளில் போய்விடும். அது பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தும் வலி, காலில் இறங்கும் வலி, மரத்துப்போதல் இருந்தால் நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தினாலோ, முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே ஆஸ்பத்திரி. ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ் உடம்புக்கு இதமாகத்தான் இருக்கும், நானும் போவேன்; ஆனால் அது வலுவைத் தராது, மேலே சொன்ன வலிகளுக்கு மருந்தும் ஆகாது.

சாப்பாட்டில் நமக்குக் குறை இல்லை, கணக்கு மட்டும் சரியாக வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, புரதமோ 7 கிராம்தான். களியோடு கொள்ளுக் கடையலோ முட்டையோ நிலக்கடலையோ சேரும்போதுதான் தசைக்கு வேண்டியது கிடைக்கும்.

விளையாடுகிறவர்களுக்கு

கபடிப் பையன்களும் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் முதல் நாளே ஓட்டத்திலும் தாண்டுவதிலும் இறங்குகிறார்கள். மேலே சொன்னதை ஆறு வாரம் செய்த பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 13 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தில், முப்பது விநாடி ரெய்டில், எத்தனை முறை நின்று திரும்புகிறோம்! முழங்கால் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமலே, இப்படித் திரும்பும்போதோ தாண்டி இறங்கும்போதோதான். அதனால் இறங்கப் பழகுங்கள். ஒரு படி உயரத்திலிருந்து இரண்டு காலில் குதித்து, சத்தமே வராமல், முழங்கால் உள்ளே சரியாமல் குந்தும் நிலையில் நில்லுங்கள். ஐந்து முறை போதும். இரண்டு வாரம் கழித்துப் பக்கவாட்டில், அதற்கப்புறம்தான் ஒற்றைக் காலில்.

தொடையின் பின்தசை அடிக்கடி பிடிக்கிறவர்கள் மண்டியிட்டு, நண்பரைக் கணுக்காலைப் பிடிக்கச் சொல்லி, உடம்பை நேராக வைத்து முன்பக்கம் முடிந்தவரை மெதுவாகச் சாயுங்கள். கையால் தரையைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று முறையிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் நன்றாக வலிக்கும்.

போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டிய தம்பிகள், ஓட்ட நாளையும் கால் வலுப் பயிற்சி நாளையும் ஒன்றாக்காதீர்கள். கயிறு ஏறுவதற்குத் தொங்கலே அடித்தளம். ஒரு நிமிடம் தொங்க முடிந்த பிறகு கயிற்றைத் தொடுங்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் அதே சுவர், அதே ஐந்து விரல் அகலம், அதே பத்து விநாடி. முதல் நாள் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். எது இன்னும் பின்தங்கியிருக்கிறதோ, அடுத்த எட்டு வாரத்தில் ஒவ்வொரு நாளும் அதையே முதலில் செய்யுங்கள்.